ஸ்டூ அங்கர்

ஸ்டூ அங்கர் என்று பரவலாக அறியப்பட்ட ஸ்டூவர்ட் எரல் அங்கர் (செப்டம்பர் 8, 1953 – நவம்பர் 22, 1998) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறைச் சீட்டாட்டக்காரர் ஆவார். போக்கர், ஜின் ரம்மி ஆகிய இரு ஆட்டங்களிலும் தலைசிறந்தவராகக் கருதப்படுகிறார். போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். இவரைத் தவிர ஜானி மாஸ் மட்டுமே முதன்மைப் பட்டத்தை மூன்று முறை பெற்றுள்ளார். மாஸின் 1970 ஆம் ஆண்டுப் பட்டம் உடன் ஆடியவர்களின் வாக்கெடுப்பால் வழங்கப்பட்டது. எனவே, ஒருவர் எஞ்சும்வரை ஆடப்படும் போட்டி முறையில் மூன்று முறையும் வென்றவர் அங்கர் ஒருவரே.

போக்கர் போட்டிகளில் ஓர் ஆட்டக்காரரிடம் உள்ள சில்லுக் குவியலின் அளவுக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் கலையில் இவர் முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறார். குறிப்பாக, பெரிய குவியலைக் கொண்டு எதிராளிகளை நெருக்கும் முறை இவரது தனி அடையாளமாக விளங்கியது. மேசையில் இத்துணைத் திறன் காட்டிய இவர் தம் சொந்தப் பணத்தைக் காக்க இயலாதவராகவும் போதைப் பழக்கத்திலிருந்து மீள இயலாதவராகவும் இருந்து, 45 ஆம் வயதில் காலமானார்.

பிறப்பும் இளமையும்

அங்கர் நியூ யார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரின் லோயர் ஈஸ்ட் சைட் வட்டாரத்தில் வளர்ந்தார். தந்தை இசிடோர் அங்கர் ஒரு மதுக்கடையை நடத்தினார். அதன் மறைவில் பந்தயம் பிடிக்கும் தொழிலும் வட்டித் தொழிலும் நடைபெற்றன. சூதாட்டம் புழங்கிய இச்சூழலில் சிறுவன் அங்கர் மிக இளம் வயதிலேயே சீட்டுகளைக் கையாளக் கற்றான். தன் மகன் சூதாடியாவதைத் தந்தை விரும்பவில்லை. எனினும், பத்து வயதளவில் அச்சிறுவன் உள்ளூர் ஜின் ரம்மிப் போட்டியொன்றில் வென்றான்.

1967 ஆம் ஆண்டில் தந்தை மாரடைப்பால் இறந்தார். அப்போது அங்கருக்கு வயது 13. அதன்பின் தாயும் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அங்கர் மீது விழுந்தது. அவர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பணம் வைத்து ஜின் ரம்மி ஆடுவதையே வருவாய்க்கு வழியாகக் கொண்டார். நியூ யார்க்கின் நிழலுலகத் தொடர்புகளுக்காக அறியப்பட்ட விக்டர் ரொமானோ என்பவர் இவருக்குப் பாதுகாவலராக அமைந்தார். ரொமானோவின் ஆதரவு இருந்ததால், உருவத்தில் சிறியவரும் பேச்சில் அடக்கமற்றவருமான இவ்விளைஞரிடம் தோற்றவர்கள் வன்முறையில் இறங்கத் தயங்கினர்.

ஜின் ரம்மி

ஜின் ரம்மி பெரும்பாலும் இருவர் ஆடும் ஆட்டமாகும். தமிழகத்தில் பழக்கமான பதின்மூன்று சீட்டு ரம்மியைப் போலவே, இதிலும் வரிசைகளையும் ஒரே எண் கொண்ட தொகுதிகளையும் சேர்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் பத்துச் சீட்டுகளே வழங்கப்படும். எதிராளி எடுத்த சீட்டு எது, கழித்த சீட்டு எது என்பதை நினைவில் நிறுத்தினால் அவர் கையில் உள்ளவற்றைப் பெருமளவு ஊகிக்கலாம். ஆகவே நினைவாற்றல் மிக்கவருக்கு இவ்வாட்டத்தில் பெரும் அனுகூலம் உண்டு.

அங்கரின் நினைவாற்றல் அசாதாரணமானது. சில சீட்டுகள் கழிக்கப்பட்டதும் எதிராளியின் கையை ஏறத்தாழ முழுமையாகக் கூறிவிடுவார். அக்காலத்தில் ஜின் ரம்மியில் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராகக் கருதப்பட்ட, யாங்கி என்ற பட்டப்பெயர் கொண்ட ஹாரி ஸ்டைன் என்பவரை இவர் பெரும் வேறுபாட்டில் தோற்கடித்தார். இதனால் புகழ் பரவியது. ஆனால் அப்புகழே அவரது தொழிலைப் பாதித்தது. அவருடன் ஆட முன்வருவோர் குறைந்தனர். எதிராளிகளுக்குச் சலுகைகள் அளித்து ஆடியும் அவர் வென்றதால், ஜின் ரம்மியில் பணம் ஈட்டும் வழி மெல்ல அடைபட்டது. பின்னாளில் போக்கரில் உலகப் புகழ் பெற்ற பிறகும், தாம் போக்கரைவிட ஜின் ரம்மியிலேயே சிறந்தவர் என்று அங்கர் கருதினார்.

லாஸ் வேகாஸ் வருகை

நியூ யார்க்கிலிருந்து புளோரிடா மாநிலத்தின் மயாமிக்குச் சென்ற அங்கர், 1970களின் பிற்பகுதியில் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரை அடைந்தார். அங்கும் ஜின் ரம்மியில் எதிராளிகள் அரிதாயினர். காசினோக்களின் பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டுகளை எண்ணி ஆடும் திறனும் இவருக்கு இருந்தது. 1977 ஆம் ஆண்டில், ஆறு சீட்டுக்கட்டுகள் அடங்கிய பெட்டியில் கடைசி மூன்று கட்டுகளின், அதாவது 156 சீட்டுகளின், கணக்கை இவரால் கூற இயலாது என்று காசினோ உரிமையாளர் பாப் ஸ்டூபக் 1 லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். பந்தயத்தில் அங்கரே வென்றார். இத்தகைய ஆட்டக்காரரைக் காசினோக்கள் விரும்பவில்லை. பல இடங்களில் இவர் பிளாக்ஜாக் ஆடத் தடை விதிக்கப்பட்டது.

இந்நிலையில்தான் இவர் போக்கர் ஆட்டத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பினார்.

போக்கர் போட்டியும் சில்லுக் குவியலும்

அங்கரின் சாதனையைப் புரிந்துகொள்ளப் போட்டியின் அமைப்பை அறிவது தேவையாகும். பணம் வைத்து ஆடும் வழக்கமான போக்கரில் ஒரு சில்லு அதன் மேல் குறிக்கப்பட்ட தொகைக்குச் சமம். ஆட்டக்காரர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து சென்று சில்லுகளைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். போட்டியில் அவ்வாறு இயலாது. எல்லோரும் ஒரே நுழைவுத் தொகையைச் செலுத்தி, ஒரே அளவான சில்லுகளுடன் தொடங்குவர். சில்லுகளை முழுவதும் இழந்தவர் வெளியேறுவார். ஒருவரிடம் எல்லாச் சில்லுகளும் சேரும்வரை ஆட்டம் தொடரும். இறுதிவரை நீடித்த சிலருக்கு, அவர்கள் வெளியேறிய வரிசைப்படி பரிசு வழங்கப்படும்.

ஒவ்வொரு கையிலும் மேசையில் இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே, பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தை வைக்க வேண்டும். பிற்பகுதியில் ஆன்டி என்ற சிறு தொகையை எல்லோரும் வைக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் இத்தொகைகள் உயர்ந்துகொண்டே செல்லும். எனவே சும்மா அமர்ந்திருப்பவரின் குவியலும் கரையும். நேற்றுப் பெரியதாக இருந்த குவியல் இன்று நடுத்தரமானதாகவும் நாளை சிறியதாகவும் ஆகிவிடும்.

போட்டிச் சில்லுக்கும் பணத்துக்கும் உள்ள உறவு நேரானதன்று. அங்கர் வென்ற 1980 ஆம் ஆண்டுப் போட்டியே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் 73 பேர் தலா 10,000 டாலர் செலுத்தி ஆடினர். இறுதியில் அங்கரிடம் 7,30,000 மதிப்புள்ள எல்லாச் சில்லுகளும் இருந்தன. ஆனால் முதற் பரிசு 3,65,000 டாலர், அதாவது மொத்தத் தொகையில் பாதி. மீதி மற்றவர்களுக்குச் சென்றது. ஆகவே போட்டியில் குவியல் இரு மடங்கானால் அதன் உண்மை மதிப்பு இரு மடங்காவதில்லை. குவியல் முற்றிலும் அழிந்தாலோ எல்லாம் போய்விடும். இந்த ஏற்றத்தாழ்வே ஆட்டக்காரர்களின் அச்சத்துக்குக் காரணம். அந்த அச்சத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வதில் அங்கர் வல்லவராக இருந்தார்.

1980 ஆம் ஆண்டு வெற்றி

போக்கர் உலகத் தொடர் அக்காலத்தில் லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ காசினோவில் ஆண்டுதோறும் நடைபெற்றது. அதன் முதன்மைப் போட்டி, பந்தயத்துக்கு வரம்பில்லாத டெக்சாஸ் ஹோல்டெம் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் ஒவ்வொருவருக்கும் இரு மறைவுச் சீட்டுகள் வழங்கப்படும். மேசையின் நடுவே முதலில் மூன்றும், பின் ஒவ்வொன்றாக இரண்டும் என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும்.

1980 இல் அங்கர் இப்போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டார். ஹோல்டெம் ஆட்டத்தில் அவருக்கு முன் அனுபவம் மிகக் குறைவு. ஆயினும் போட்டி நடந்த நாட்களிலேயே அவர் ஆட்டம் மேம்பட்டுக்கொண்டே வந்ததை உடன் ஆடியவர்கள் வியப்புடன் குறிப்பிட்டனர். இறுதியில் அவரை எதிர்கொண்டவர் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்ற டாயில் பிரன்சன் ஆவார்.

கடைசிக் கையில் பிரன்சனிடம் ஏஸும் 7 உம் இருந்தன; அங்கரிடம் 5 உம் 4 உம் இருந்தன. முதல் மூன்று பொதுச் சீட்டுகளாக ஏஸ், 7, 2 திறக்கப்பட்டன. பிரன்சனுக்கு இரு சோடிகள் அமைந்துவிட்டன. அங்கருக்கு எதுவும் அமையவில்லை. 3 வந்தால் மட்டுமே ஏஸ் முதல் 5 வரையிலான வரிசை நிறைவுறும். அவர் காணாத 47 சீட்டுகளில் 3 என்ற எண் கொண்டவை நான்கே. அடுத்த சீட்டிலேயே அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பன்னிரண்டில் ஒன்று. எனினும் இருவரிடமும் ஆழமான குவியல்கள் இருந்தன. பிரன்சனின் பந்தயத்தை ஈடுகட்டத் தேவைப்பட்ட தொகை, 3 வந்தால் அவரிடமிருந்து வெல்லக்கூடிய மொத்தத்தோடு ஒப்பிடச் சிறியது. அங்கர் பந்தயத்தை ஏற்றார். அடுத்த சீட்டு 3 ஆக அமைந்தது. பிரன்சன் தம் சில்லுகள் அனைத்தையும் வைத்தார். கடைசியாக வந்த 2 அவருக்கு உதவவில்லை.

26 வயதில் வென்ற அங்கர், அதுவரை முதன்மைப் போட்டியை வென்றவர்களுள் மிக இளையவரானார். தோற்றத்தில் இன்னும் இளையவராக இருந்ததால் பொடியன் என்ற பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. இளையவர் என்ற பதிவை 1989 இல் 24 வயதில் வென்ற பில் ஹெல்முத் முறியடித்தார்.

1981 ஆம் ஆண்டு வெற்றி

அடுத்த ஆண்டு அங்கர் போட்டியில் ஆடுவதே ஐயத்துக்குரியதாயிற்று. சீட்டு வழங்குநர் ஒருவர் மீது உமிழ்ந்த காரணத்தால் காசினோ உரிமையாளர் பென்னி பினியன் அவரைத் தடை செய்ய முனைந்தார். மகன் ஜாக் பினியன் தலையிட்டு, நடப்பு வெற்றியாளரை விலக்குவது முறையன்று என்று தந்தையை இணங்கச் செய்தார்.

75 பேர் பங்கேற்ற அப்போட்டியில் அங்கர் மீண்டும் வென்று 3,75,000 டாலர் பெற்றார். இறுதிக் கையில் அவரிடம் ஹார்ட்டின் ஏஸும் ஹார்ட்டின் ராணியும், எதிராளி பெரி கிரீனிடம் 10 உம் 9 உம் இருந்தன. பொதுச் சீட்டுகளாக 8, 7, 4 வந்தன; அவற்றுள் இரண்டு ஹார்ட்டின். கிரீன் இரு முனையிலும் நிறைவுறக்கூடிய வரிசைக்காகவும், அங்கர் ஒரே இனச் சீட்டு ஐந்துக்காகவும் காத்திருந்தனர். சில்லுகள் நடுவே சேர்ந்தன. இருவர் எதிர்பார்த்ததும் வரவில்லை. கடைசிச் சீட்டாக வந்த ராணி அங்கருக்குச் சோடியாகி வெற்றியைத் தந்தது. அதே ஆண்டுத் தொடரில் டியூஸ் டூ செவன் என்ற, மிகக் குறைந்த கை வெல்லும் வகையிலும் அவர் பட்டம் பெற்றார்.

ஆட்ட முறை

அங்கர் நூல் எதுவும் எழுதவில்லை. அவரது முறை, அவருடன் ஆடியவர்களின் நினைவுகளிலிருந்தும் பதிவான ஆட்டங்களிலிருந்தும் அறியப்படுகிறது. அதைச் சில்லுக் குவியலின் அளவைக் கொண்டு மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

பெரிய குவியல்: மேசையில் மிகப் பெரிய குவியலை வைத்திருப்பவர் ஒரு கையில் தோற்றாலும் வெளியேறுவதில்லை. அவரை எதிர்ப்பவரோ ஒவ்வொரு முறையும் தம் போட்டி வாழ்வையே பணயம் வைக்கிறார். அங்கர் இந்த வேறுபாட்டை இடைவிடாமல் பயன்படுத்தினார். நல்ல சீட்டுக்குக் காத்திராமல், பிளைண்டுகளையும் ஆன்டிகளையும் குறிவைத்துத் தொடர்ந்து பந்தயத்தை உயர்த்தினார். ஒவ்வொரு முறையும் கிடைப்பது சிறு தொகையே. ஆனால் கட்டாயப் பந்தயங்கள் உயர்ந்த பிற்பகுதியில், சண்டையின்றிக் கிடைக்கும் அச்சிறு தொகைகளே குவியலை வளர்த்தன. யார் பணிவார், யார் எதிர்ப்பார் என்பதைக் கணிக்கும் கூர்மை இவருக்கு இருந்ததால் இம்முறை வெறும் துணிச்சலாக நின்றுவிடவில்லை.

நடுத்தரக் குவியல்: பரிசு பெறும் இடங்களை நெருங்கும்போது மிகுந்த நெருக்கடிக்கு உள்ளாவோர் நடுத்தரக் குவியல் வைத்திருப்பவர்களே. தம்மைவிடச் சிறிய குவியல் உடையவர்கள் முதலில் வெளியேறுவர் என்று அவர்கள் காத்திருப்பர். பெரிய குவியலோடு மோதினால் அக்காத்திருப்பு வீணாகும். ஆகவே நல்ல கையையும் கைவிடுவர். அங்கரின் முதன்மை இலக்கு இவர்களே. தாமே இந்நிலையில் இருக்கும்போது அவர் பரிசுப் படியை எண்ணிப் பதுங்கவில்லை. முதலிடத்துக்கான குவியலைச் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்டார். இதனால் சில போட்டிகளில் விரைவில் வெளியேறவும் நேர்ந்தது. ஆனால் நீடித்த போட்டிகளில் அவர் பெரும்பாலும் முதலிடத்தையே அடைந்தார்.

சிறிய குவியல்: குவியல் மிகச் சிறுத்துவிட்டால் சிறு பந்தயங்களுக்கும் நுட்பங்களுக்கும் இடமில்லை. ஓரளவு தக்க சீட்டு வந்ததும், பிளைண்டுகள் கரைத்துவிடும் முன், எல்லாவற்றையும் வைப்பதே வழி. முதலில் வைப்பவருக்கு எதிராளி பணிந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்து கிடைக்கும். ஏற்பவருக்கு அது இல்லை. ஆகவே சிறிய குவியல் உடையவர் பிறர் பந்தயத்தை ஏற்பதைவிடத் தாமே முந்துவது மேல். சிறிய குவியலுக்கும் நம்பிக்கை உண்டு என்பதற்கு, அங்கருக்கு அடுத்து 1982 இல் வென்ற ஜாக் ஸ்ட்ராஸ் பெயர் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. ஒரு கையில் எல்லாவற்றையும் இழந்ததாக எண்ணி எழுந்தபோது ஒரே ஒரு சில்லு எஞ்சியிருப்பதைக் கண்டு, அதைக் கொண்டே மீண்டு பட்டத்தை வென்றவர் அவர்.

மிக ஆழமான குவியல்களோடு மணிக்கணக்கில் ஆடும் பணவாட்டத்தில் அங்கர் இதே அளவு வெற்றி பெறவில்லை. அங்குத் தோற்றவர் மீண்டும் பணம் வைத்து அமரலாம். வெளியேற்றப்படும் அச்சம் இல்லை. எதிராளியின் அச்சத்தை ஆயுதமாகக் கொண்ட முறைக்குப் போட்டியே ஏற்ற களமாக இருந்தது. பொறுமை தேவைப்படும் பணவாட்டத்தில் அவரது இடைவிடாத தாக்குதல் சில வேளைகளில் அவருக்கே எதிராகத் திரும்பியது.

பிற வெற்றிகளும் சரிவும்

1983 இல் ஏழு சீட்டு ஸ்டட் வகையில் உலகத் தொடரின் மற்றொரு பட்டத்தை அங்கர் வென்றார். அமரில்லோ ஸ்லிம் பிரெஸ்டன் நடத்திய சூப்பர் பௌல் ஆஃப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1984, 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் வென்றார். அக்காலத்தில் உலகத் தொடருக்கு அடுத்த மதிப்புடைய தொடர் அதுவே. அதன் முதன்மைப் பட்டத்தையும் மூன்று முறை வென்றவர் இவர் ஒருவரே.

1982 இல் இவருக்குத் திருமணம் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள். மனைவியின் முதல் மணத்தில் பிறந்த மகனையும் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். 1986 இல் மணமுறிவு ஏற்பட்டது. 1989 இல் அவ்வளர்ப்பு மகன் இறந்தது அங்கரை ஆழமாகப் பாதித்தது.

போட்டிகளில் ஈட்டிய பணம் அவரிடம் தங்கவில்லை. குதிரைப் பந்தயம், விளையாட்டுப் பந்தயம், கோல்ஃப் ஆட்டம் ஆகியவற்றில் பெருந்தொகைகளை இழந்தார். இவற்றில் அவருக்கு எதிராளியைவிடக் கூடுதல் திறன் எதுவும் இல்லை. போட்டியில் ஒவ்வொரு சில்லின் மதிப்பையும் எடைபோட்டவர், வெளியே கையிருப்பு முழுவதையும் ஒரே நாளில் வைத்து இழக்கத் தயங்கவில்லை. இடையில் தொடங்கிய கொக்கெய்ன் பழக்கம் 1980களில் வலுத்தது.

1990 ஆம் ஆண்டு நிகழ்வு

1990 ஆம் ஆண்டு முதன்மைப் போட்டி அங்கரின் திறனையும் வீழ்ச்சியையும் ஒருசேரக் காட்டியது. 194 பேர் ஆடிய அப்போட்டியில் அவர் மிகப் பெரிய குவியலைச் சேர்த்திருந்தார். மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கியபோது அவர் வரவில்லை. அளவு மீறிய போதைப் பொருளால் விடுதி அறையின் தரையில் நினைவிழந்து கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார்.

போட்டி விதிப்படி, வராதவரின் குவியல் மேசையிலேயே இருக்கும். அவருக்கும் சீட்டு வழங்கப்பட்டு, உடனே கழிக்கப்படும். அவர் முறை வரும்போதெல்லாம் பிளைண்டும் ஆன்டியும் அக்குவியலிலிருந்து எடுக்கப்படும். இவ்வாறு ஆளில்லாமல் கரைந்துகொண்டே இருந்த அங்கரின் குவியல், மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறிய பின்னும் நிலைத்திருந்தது. ஒரு சீட்டைக் கூடத் தொடாமலேயே அவர் அப்போட்டியில் ஒன்பதாம் இடத்தைப் பெற்றார். போட்டியில் பெரிய குவியல் என்பது காலத்தை வாங்கித் தரும் பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அக்காலத்தை அங்கரால் பயன்படுத்திக்கொள்ள இயலவில்லை. அவ்வாண்டு மன்சூர் மட்லூபி வென்றார்.

1997 ஆம் ஆண்டு மீட்சி

1997 இல் அங்கர் கடன்பட்டவராகவும் உடல் நலிந்தவராகவும் இருந்தார். போதைப் பழக்கத்தால் அவரது மூக்கின் உட்பகுதி சிதைந்திருந்தது. நுழைவுத் தொகையான 10,000 டாலர் அவரிடம் இல்லை. நீண்டகால நண்பரும் போக்கர் ஆட்டக்காரருமான பில்லி பாக்ஸ்டர், போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் அத்தொகையைச் செலுத்தினார். முந்தைய இரவு உறங்காத அங்கர் முதல் நாளில் மேசையிலேயே கண்ணயரும் நிலையில் இருந்தார். பாக்ஸ்டரும் மைக் செக்ஸ்டனும் ஊக்கமளித்து அவரைத் தொடரச் செய்தனர். அடுத்த நாட்களில் அவர் தேறினார். மூக்கின் சிதைவு தெரியாதிருக்க வட்டவடிவ நீலக் கண்ணாடி அணிந்தார். மகளின் நிழற்படத்தைத் தம்முடன் வைத்திருந்தார்.

312 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் மொத்தச் சில்லுகள் 31,20,000. இறுதி மேசைக்கு அறுவர் வந்தனர். ஆகவே ஒருவருக்குச் சராசரிக் குவியல் 5,20,000. அங்கரிடம் 10 லட்சத்துக்கும் மேல், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இரண்டாமிடத்தில் இருந்த ரான் ஸ்டான்லியிடம் ஏறத்தாழ 7 லட்சம் இருந்தது. பாப் வாக்கர், மெல் ஜூடா, ஜான் ஸ்டிரெம்ப், பீட்டர் பாவ் ஆகியோர் மற்றவர்கள். இறுதி ஆட்டம் காசினோவுக்கு வெளியே, ஃப்ரீமாண்ட் வீதியில் அமைக்கப்பட்ட திறந்த மேடையில் நடைபெற்றது.

பெரிய குவியல் உடையவர் பொதுவாக இரண்டாம் பெரிய குவியலோடு மோதுவதைத் தவிர்ப்பார். ஏனெனில் அவருக்கு உண்மையான சேதம் விளைவிக்கக்கூடியவர் அவர் ஒருவரே. அங்கர் அதற்கு மாறாக ஸ்டான்லியையே குறிவைத்தார். ஒரு கையில் ராணியும் 10 உம் வைத்திருந்த அங்கருக்கு, ஐந்து பொதுச் சீட்டுகளும் திறந்த பின்னும் ஒரு சோடி கூட அமையவில்லை. எனினும் பெரிய பந்தயம் வைத்தார். 9 சோடி வைத்திருந்த ஸ்டான்லி நெடுநேரம் எண்ணிக் கைவிட்டார். அங்கர் தம் வெற்றுக் கையைத் திறந்து காட்டினார். ஸ்டான்லி, தம்மைவிடச் சிறிய குவியல் உடையவர்கள் இருக்கையில் வெளியேறும் துணிவைப் பெறார் என்பதே அங்கரின் கணிப்பு. இது மேசையின் போக்கைத் தீர்மானித்த கையாகக் கருதப்படுகிறது. ஸ்டான்லி பின்னர் நான்காம் இடத்தில் வெளியேறினார்.

கடைசியில் அங்கரும் காசினோ நிர்வாகியான ஸ்டிரெம்பும் எஞ்சினர். இறுதிக் கையில் அங்கரிடம் ஏஸும் 4 உம், ஸ்டிரெம்பிடம் ஏஸும் 8 உம் இருந்தன. பொதுச் சீட்டுகள் ஏஸ், 5, 3 என வந்தபோது சில்லுகள் நடுவே சேர்ந்தன. நான்காவதாக மற்றொரு 3 வந்தது. அதுவரை ஸ்டிரெம்பின் கையே மேலானது. கடைசியாக வந்த 2 அங்கருக்கு ஏஸ் முதல் 5 வரையிலான வரிசையை அமைத்துத் தந்தது. 1980 இல் பிரன்சனை வென்றதும் இதே வரிசைதான்.

முதற் பரிசான 10 லட்சம் டாலரை அங்கரும் பாக்ஸ்டரும் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். 16 ஆண்டுகளுக்குப் பின் பெற்ற இவ்வெற்றி, நாளிதழ்களில் பெரும் மீட்சியாகப் போற்றப்பட்டது.

இறுதி நாட்கள்

பரிசுத் தொகை சில மாதங்களிலேயே பந்தயங்களிலும் போதைப் பொருளிலும் கரைந்தது. 1998 ஆம் ஆண்டு முதன்மைப் போட்டிக்கும் பாக்ஸ்டர் நுழைவுத் தொகை செலுத்த முன்வந்தார். நடப்பு வெற்றியாளரான அங்கர், ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், ஆடும் நிலையில் தாம் இல்லை எனக் கூறி விலகிக்கொண்டார்.

நவம்பர் 22, 1998 அன்று லாஸ் வேகாஸ் நகரில் மலிவான தங்கும் விடுதியொன்றின் அறையில் அங்கர் இறந்து கிடந்தார். நெடுங்காலப் போதைப் பழக்கத்தால் ஏற்பட்ட இதய நோயே இறப்புக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. உடலில் போதைப் பொருள்கள் காணப்பட்டன. ஆயினும் அவற்றின் அளவு மட்டுமே உயிரைப் பறிக்கப் போதுமானதாக இல்லை. போட்டிகளில் மட்டும் 35 லட்சம் டாலருக்கும் மேல் வென்ற அவர் சொத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அடக்கச் செலவுக்கான பணத்தை, முன்னர் அவரிடம் பந்தயத்தில் தோற்ற பாப் ஸ்டூபக் நண்பர்களிடம் திரட்டினார்.

பின்னாளைய மதிப்பீடு

2001 ஆம் ஆண்டில் அங்கர் போக்கர் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட திரைப்படம் 2003 இல் வெளிவந்தது. மைக்கேல் இம்பீரியோலி அங்கராக நடித்தார். நோலன் டாலா, பீட்டர் ஆல்சன் ஆகியோர் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல் 2005 இல் வெளியானது.

அங்கர் உள்ளுணர்வால் செய்தவற்றைப் பின்வந்தோர் கணக்காக வகுத்தனர். பேக்கமன் ஆட்ட வல்லுநர் பால் மாக்ரியல் உருவாக்கிய எம் என்ற அளவு, 1995 ஆம் ஆண்டு வெற்றியாளர் டான் ஹாரிங்டன் எழுதிய நூல்களால் பரவியது. ஒருவரின் குவியலை, ஒரு சுற்றில் செலுத்த வேண்டிய பிளைண்டுகள், ஆன்டிகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது எம். எடுத்துக்காட்டாக, பிளைண்டுகள் 100, 200 எனவும், எட்டுப் பேர் தலா 25 ஆன்டி வைப்பதாகவும் கொண்டால் ஒரு சுற்றின் செலவு 500. குவியல் 10,000 எனில் எம் 20. அவர் எல்லா நுட்பங்களையும் கையாளலாம். குவியல் 2,500 எனில் எம் 5. எல்லாவற்றையும் வைப்பதோ சீட்டைக் கழிப்பதோ தவிர வேறு வழி குறைவு. சில்லுக் குவியலைப் பரிசுப் பணத்தின் மதிப்பாக மாற்றிக் கணிக்கும் முறையை மேசன் மால்முத் 1980களில் முன்வைத்தார். 21 ஆம் நூற்றாண்டில் கணினிகள் இக்கணக்குகளை நுட்பமாகச் செய்தபோது, பரிசு எல்லையை நெருங்குகையில் பெரிய குவியல் உடையவர் மிகப் பரவலான கைகளோடு தாக்குவது சரியே என்பது உறுதியாயிற்று.

போட்டியில் வெல்வதும் வென்றதைக் காப்பதும் வெவ்வேறு திறன்கள் என்பதற்கு அங்கரின் வாழ்க்கை போக்கர் ஆட்டக்காரர்களிடையே இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. கையிருப்பின் சிறு பங்கை மட்டுமே ஓர் ஆட்டத்தில் வைக்க வேண்டும் என்ற விதியைப் புதியவர்களுக்கு விளக்குவோர் இவரது பெயரைக் குறிப்பிடுவது வழக்கம்.

போக்கர் உலகத் தொடரில் வென்ற பட்டங்கள்

1980 – முதன்மைப் போட்டி, வரம்பில்லா டெக்சாஸ் ஹோல்டெம்
1981 – டியூஸ் டூ செவன்
1981 – முதன்மைப் போட்டி, வரம்பில்லா டெக்சாஸ் ஹோல்டெம்
1983 – ஏழு சீட்டு ஸ்டட்
1997 – முதன்மைப் போட்டி, வரம்பில்லா டெக்சாஸ் ஹோல்டெம்